தாடை மூட்டு முறிந்தால்: ரப்பர் கட்டா, பிளேட்டா?

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டர் சறுக்கி என் மோவாய் நேராகத் தரையில் மோதியது. அடிபட்டது மோவாயில், உடைந்ததோ வலது காதுக்கு முன்னால். முதலில் போன இடத்தில் மோவாயில் 5 தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இட்லியை மெல்லும்போதுதான் உறைத்தது: வலப்பக்கப் பற்கள் முதலில் முட்டுகின்றன, இடப்பக்கம் ஒட்டவே இல்லை. வாயைத் திறந்தால் தாடை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

மோவாயில் விழும் அடி தாடை எலும்பு வழியே ஏறி, மூட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய கழுத்தை உடைத்துவிடும். அணிவகுப்பில் மயங்கிக் குப்புற விழும் சிப்பாய்களுக்கு இரண்டு பக்கமும் உடைந்து, மோவாயும் பிளக்கும். அதனால் அதற்கு ‘கார்ட்ஸ்மேன் முறிவு’ என்றே பெயர். எனக்கு ஒரு பக்கம்தான். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் சந்தேகமாகத் தெரிந்தது, சிடி ஸ்கேனில் உறுதியானது. எலும்பு அதிகம் விலகியிருக்கவில்லை.

வழி இரண்டு. பல் வரிசைகளில் கம்பிப் பட்டை கட்டி, மேலும் கீழும் ரப்பர் வளையம் மாட்டிப் பற்களைப் பொருந்த வைப்பது ஒன்று. பழைய கிரேக்க மருத்துவ நூலிலேயே உடைந்த தாடைக்குப் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, காதருகே கீறி எலும்பை நேராக்கி டைட்டானியம் பிளேட்டும் திருகும் வைப்பது. செலவு, தழும்பு, மயக்க மருந்து மூன்றிலும் ரப்பர் பக்கமே லாபம். அதை நீட்டி முழக்க வேண்டாம்.

நான் ரப்பரைத்தான் எடுத்தேன். இரண்டு வாரம் கஞ்சி, மோர், மிக்ஸியில் அடித்த ரசம் சாதம். 4 கிலோ இறங்கிவிட்டது. வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்ட, தலைமாட்டில் கத்தரிக்கோல் வைத்தே தூங்கினேன்.

ஆனால் கட்டை விட, அவிழ்த்த பிறகு வருவதுதான் முக்கியம். அசையாமல் கிடந்த மூட்டு இறுகிப்போகும். முதல் நாள் என் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. பற்களுக்கிடையே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, முடிகிற அன்று ஒரு குச்சி கூட்ட வேண்டும். கண்ணாடியில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, மோவாய் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் திறந்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, மாதக்கணக்கில். இரவில் மட்டும் ரப்பர் தொடரும். வலிக்கும், அதைவிட அலுக்கும். பாதியில் விட்டால் கடி கோணலாக நிற்கும், இல்லை வாய் முழுதாகத் திறக்காது. அதனால் டாக்டரிடம் கேட்பதற்கு முன், இதைச் செய்வேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செய்ய மாட்டீர்கள் என்றால் ரப்பர் உங்களுக்கு மலிவு இல்லை.

பிளேட் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. சித்தப்பா மகனுக்கு இரண்டு பக்கமும் உடைந்து நன்றாக விலகியிருந்ததால் பிளேட் வைத்தார்கள். ஒரு வாரத்தில் குழைந்த சாதம் சாப்பிட்டான், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் முகநரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. சிரித்தால் அவன் உதடு ஒரு பக்கம் கோணியது. மூன்று மாதத்தில் சரியானது. பெரும்பாலும் அப்படித் திரும்பிவிடும் என்கிறார்கள். அவனைப் போல அதிகம் விலகிய முறிவுக்கு, கட்டிப் பார்த்தும் பற்கள் பொருந்தாதவர்களுக்கு, பிளேட்டே மேல் என்று நானும் ஒத்துக்கொள்வேன். மூட்டுத் தலை மண்டையோட்டுக்குள் குத்திவிட்டால் தேர்வே கிடையாது, கீறித் திறந்தாக வேண்டும். எப்போது கட்டாயம் கீற வேண்டும் என்று 1983இல் சைட், கென்ட் என்ற தாடை அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட பட்டியலிலேயே அது இருக்கிறது.

குழந்தைகளுக்கு எலும்பு தானே திருத்திக்கொண்டு வளரும் என்பதால் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை; ஆனால் நீண்ட நாள் கட்டி வைத்தால் மூட்டு உறைந்து, தாடை வளர்ச்சியே நின்றுபோகலாம். இதில் நான் கேட்டதோடு சரி, பார்த்ததில்லை.

இப்போது எனக்கு மூன்று விரல் நுழைகிறது. கொட்டாவி விடும்போது மட்டும் தாடை வலது பக்கம் ஒரு நூல் சாய்கிறது. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை.