பழைய கைத்தொழில் கணக்குகளைத் தேடி ஐந்து வருடம்

இலங்கையின் வடக்கே, காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தவர். 1950 இல் தொடங்கினதிலிருந்து 1990 இல் மூடும்வரை அங்கே வருடா வருடம் எவ்வளவு சீமெந்து உற்பத்தியானது என்று ஒரு அட்டவணை போடத்தான் வெளிக்கிட்டேன். ஒரு பின்னேர வேலை என்று நினைத்தது. ஐந்து வருடமாகியும் அரைவாசிதான் முடிந்திருக்குது.

முதல் வருடம் வீண். 'சிறிலங்கா' என்று தேடினால் 1972 க்கு முந்தியது லேசில் தலைகாட்டாது. அதுவரை ஆங்கில அறிக்கைகளில் நாட்டின் பெயர் 'சிலோன்'. சொல்லை மாற்றிப் போட்ட அன்றைக்கே உலக வங்கியின் ஆவணத் தளத்தில் பழைய அறிக்கைகள் வந்து குவிந்தன.

நான் கூடுதலாகப் பாவிப்பது மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளை. முன்பக்க வியாக்கியானத்தை விட்டுவிட்டு நேரே பின்னிணைப்புக்குப் போங்கள். ஒரு வருடத்தின் எண்ணை அதே வருட அறிக்கையில் எடுக்க வேண்டாம், பெரும்பாலும் அது தற்காலிகமானது. அடுத்தடுத்த அறிக்கையில் திருத்தியிருப்பார்கள். 2023 க்குரியதிலிருந்து அதன் பெயர் 'பொருளாதார மீளாய்வு'. 'ஆண்டறிக்கை' என்று தேடிக்கொண்டே இருந்து நான் அரை நாள் தொலைத்தேன்.

அளவைகளும் ஒரு கரைச்சல். பழைய கணக்கில் உப்பு அந்தரில் இருக்கும். ஒரு அந்தர் 112 இறாத்தல், கிட்டத்தட்ட 51 கிலோ. பழைய தொன் 1016 கிலோ, மெற்றிக் தொன் 1000. இது தெரியாமல் கூட்டி, ஒரு முழு எக்செல் தாளையும் அழித்தேன்.

ஆனால் மனிசரை உண்மையில் ஏமாற்றுவது அடிக்குறிப்புத்தான். தலைப்பில் 'இலங்கை' என்று இருக்கும். கீழே எறும்பு எழுத்தில் 'வடக்கு, கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக' என்று இருக்கும். யுத்த காலத்து ஆய்வுகள் பலதும் இப்படித்தான். ஆள்வீதக் கணக்குப் போடவும் வழியில்லை: 1981 க்குப் பிறகு வடக்கை முழுமையாக எண்ணிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது.

யாழ்ப்பாணத்துக் கணக்கென்றால் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தைத்தான் முதலில் திறப்பேன். பழைய தமிழ்க் கோப்புகளில் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு இருந்தால் தேடல் பெட்டி உதவாது, பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேணும். ஒரு திணைக்களம் தளத்தைப் புதுப்பித்தபோது பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப் போச்சு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டு மூன்று அறிக்கைகளை மீட்டேன். அன்றிலிருந்து கண்டதைக் கண்ட இடத்திலேயே தரவிறக்கி, கோப்பின் பெயரில் வருடத்தையும் பக்க எண்ணையும் போட்டு வைக்கிறேன்.

எண்பதுகளின் ஒரு அறிக்கையில் எனக்கு வேண்டிய பக்கத்தை மடிந்தபடியே ஸ்கான் பண்ணியிருக்கினம். சீமெந்து வரி மடிப்புக்குள்ளே. 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அவர்கள் முடிவு சொல்ல வேண்டிய 14 வேலைநாளில் இன்றைக்கு ஒன்பதாவது நாள்.