செர்வாவாக்கா, கார்டாசில் 9ஆ?

மகளுக்கு 12 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைப் போடலாம் என்று முடிவெடுத்தாகிவிட்டது. சரி, எதைப் போடுவது? பெரும்பாலும் இங்கேதான் வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது.

விலை
செர்வாவாக்: ஓர் ஊசி சுமார் 2,000 ரூபாய். புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு, 2023இல் சந்தைக்கு வந்தது.
கார்டாசில் 9: ஓர் ஊசியே 10,000 ரூபாயைத் தாண்டும்.

எத்தனை வகை ஹெச்.பி.வி. வைரஸைத் தடுக்கும் (வகைகளுக்கு எண்ணே பெயர்)
செர்வாவாக்: 6, 11, 16, 18 என நான்கு.
கார்டாசில் 9: அந்த நான்கோடு 31, 33, 45, 52, 58.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். உலக அளவில் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டே காரணம். அவற்றுக்கு இரண்டு ஊசியிலும் பாதுகாப்பு உண்டு. கூடுதல் ஐந்து வகைகளையும் சேர்த்தால் அது 90 சதவீதத்தை நெருங்கும். அதிக விலை அந்த இடைவெளிக்குத்தான். 6, 11 புற்றுநோயைத் தருபவை அல்ல, பிறப்புறுப்பு மருக்களைத் தருபவை.

தவணை
இரண்டுக்கும் ஒரே கணக்குதான்: 9 முதல் 14 வயதுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 ஆகிவிட்டால் மூன்று. பையன்களுக்கும் போடலாம்.

பணம் நெருக்கடி இல்லை என்றால் கார்டாசில் 9. இரண்டு பிள்ளைகள், அளவான சம்பளம் என்றால் யோசிக்காமல் செர்வாவாக். விலை உயர்ந்ததைத்தான் போடுவேன் என்று பணம் சேர்த்துக்கொண்டே 15ஐத் தாண்டவிட்டால், அப்புறம் மூன்றாவது ஊசிக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். எதைப் போட்டாலும், பெண்களுக்கு 30 வயதுக்குமேல் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு.