கனடா பிஆருக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதுறீங்களா? அகாடமிக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள், உஷார்

திருச்சியில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கான ஒரு கோச்சிங் சென்டர். பெயர் போடவில்லை. சேரும்போதே, பிஆருக்கு (கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி) விண்ணப்பிக்கும் முறையான "எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குத்தான்" என்று சொல்லி, படிவத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். "பேண்ட் 7 கேரண்டி சார், எக்ஸாமும் நாங்களே புக் பண்ணிடுறோம்" என்றார்கள். (பேண்ட் என்றால் 9-க்கு எடுக்கும் மதிப்பெண்.) கோச்சிங் பணம் தனி, தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல் தனி.

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை. அவர்கள் புக் செய்தது அகாடமிக். அது பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களுக்கு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஐஇஎல்டிஎஸ் என்றால் ஜெனரல் டிரெய்னிங்தான் செல்லும். கணக்கை அவர்கள் மெயில் ஐடியில் தொடங்கியதால் எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் விவரம் வந்தபோதுதான் தெரிந்தது. போன் போட்டால், "எதை எழுதினாலும் ஸ்கோர் ஸ்கோர்தானே சார்" என்கிறார் மேனேஜர். அந்த நேரத்தில் ரத்து செய்தாலும் பணம் திரும்பாது.

லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் இரண்டிலும் ஒன்றுதான். ரீடிங்கும் ரைட்டிங்கும்தான் வேறு. ரைட்டிங் முதல் கேள்விக்கு ஜெனரலில் கடிதம், அகாடமிக்கில் சார்ட்டையோ படத்தையோ விவரிக்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் ஒரே பேட்ச், ஒரே ஜெராக்ஸ் கட்டு. 'தி பார் சார்ட் இல்லஸ்ட்ரேட்ஸ்' என்று நாங்கள் கோரஸ் பாடாத குறை. "லெட்டர் எப்போ சார்?" என்றால், "அது ஈஸி, கடைசி வாரம் பாத்துக்கலாம்." அந்த வாரம் வரவே இல்லை. மாக் டெஸ்ட் மார்க்கும் அகாடமிக் கணக்கில்தான் போட்டார்கள். ரீடிங்கில் 7 வாங்க அகாடமிக்கில் 40க்கு 30 வாக்கில் போதும். ஜெனரலில் 34 வாக்கில் வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்த நர்ஸ் அக்காவுக்கு பிரிட்டன் போகணும். அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி அமைப்பு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் ஏற்கும். அதில் மருத்துவமனைச் சூழல்தான் கேள்வியே. அதை ஒருத்தர்கூட அவரிடம் சொல்லவில்லை. ஓஇடி வகுப்பு அவர்களிடம் இல்லையே, எப்படிச் சொல்வார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. "எக்ஸாமே வேண்டாம் சார், சர்டிபிகேட் வாங்கித் தர்றோம், டேட்டாபேஸ்லயே ஏறிடும்" என்று மேனேஜர் மெதுவாக ஆரம்பித்தார். சுத்தப் பொய். ஸ்கோரைக் குடியேற்ற அலுவலகம் நேரடியாகச் சரிபார்க்க முடியும். போலி என்று தெரிந்தால் கனடா 5 வருடம் உள்ளேயே விடாது.

தேர்வை நீங்களே, அதை நடத்தும் ஐடிபி நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மெயிலில், உங்கள் பாஸ்போர்ட்டை வைத்து புக் செய்யுங்கள். கோச்சிங் வேண்டுமென்றால் அதை மட்டும் அவர்களிடம் வாங்குங்கள். ஸ்கோர் 2 வருடம்தான் செல்லும், அதையும் கணக்கில் வைத்துத் தேதி பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்கள் தந்த ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும்தான் இருக்கிறது, எந்தத் தேர்வு என்றே இல்லை. 'ஜெனரல் டிரெய்னிங்' என்று ரசீதில் எழுதி வாங்காமல் யாரும் பணத்தை நீட்டாதீர்கள்.