காவாங்கரை மாலைநேரக் கால்பந்துப் பயிற்சி: ஆறு மாதம் அனுப்பிய பிறகு

புழல் காவாங்கரையிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளையும் அக்கம்பக்கத் தெருக்களின் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு தன்னார்வக் குழு வாரத்தில் 3 மாலைகள் கட்டணமின்றி நடத்தும் கால்பந்துப் பயிற்சிக்கு, முகாமில் பிறந்து வளர்ந்த நான் என் மகனையும் மகளையும் ஆறு மாதமாக அனுப்பி வருகிறேன்.

பயிற்றுநரிடம் எனக்குக் குறையே இல்லை. கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடிக்காரர். முதல் வாரம் முகாம் பிள்ளைகள் ஒரு பக்கமும் தெருப் பிள்ளைகள் மறுபக்கமும் ஒதுங்கி நின்றதைப் பார்த்தவர், பந்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் ஆச்சிமார் என்ன விளையாடினார்கள் என்று கேட்டார். மறுநாள் கோலமாவில் கட்டம் போட்டுக் கிளித்தட்டு தொடங்கியது. நடுக்கோட்டில் ஓடி மறிக்கும் ‘கிளி’ என்ற ஆட்டக்காரருக்குப் போக்குக் காட்டி நழுவுவதும், பந்தோடு எதிராளியை ஏமாற்றிக் கடப்பதும் ஏறக்குறைய ஒரே கால்வித்தைதான் என்பதால், இன்றுவரை அதுவே அங்கே உடல் சூடேற்றும் பயிற்சி.

என் வருத்தம் சட்டையில். நன்கொடையாக வந்த சீருடையின் முதுகில் ‘அகதிச் சிறுவர் அணி’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். என் மகன் அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனான். முதுகெழுத்து தெரியத் திரும்பி நிற்கச் சொன்ன புகைப்படக்காரரின் பேச்சைக் கேட்காமல், கோல் கம்பத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். அகதிகள் முகாம் என்ற பெயரை அரசே 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிவிட்ட பின்பு, இது தேவைதானா? கேட்டதற்கு, அடுத்த முறை அச்சடிக்கும்போது மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கேமரூனில் பிறந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வென்று அகதிகள் அணிக்கு முதல் பதக்கம் தேடித்தந்த சிண்டி இன்காம்பாவின் கதையைப் பயிற்றுநர் பெண்பிள்ளைகளுக்குச் சொன்னாராம். “அவங்களும் அகதின்னு போட்ட சட்டையாப்பா போட்டாங்க?” என்று என் மகள் கேட்டாள். அந்த அணிக்கு அந்த ஆண்டு அம்புகள் சூழ்ந்த இதயத்தைச் சின்னமாக வைத்திருந்தார்கள் என்று கைப்பேசியில் காட்டினேன். நம் சட்டைக்கும் அது போதுமே என்றாள்.

மைதானத்தில் விளக்கு இல்லாததால், இருட்டுமுன் வீடு சேர வேண்டிய பெண்பிள்ளைகள் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அரைமணி முன்னதாகத் தொடங்கினாலே போதும். ஷூ அங்கேயே தருகிறார்கள், ஆனால் சிறிய அளவுகள் கிடையாது. சின்னப் பிள்ளைகளை அனுப்புவோர் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு அனுப்புங்கள்.