எல்எம்ஜியை எங்கே வைப்பது: காட்பாடி ஞாயிறு வகுப்பு எப்படி?

என்சிசி 'சி' சர்டிபிகேட் எழுதப் போகிறவர்களுக்காகக் காட்பாடி பக்கம் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் நடத்தும் வகுப்பு இது. ஆறு ஞாயிறு, காலை 6:30 முதல் 10 வரை, கட்டணம் 1,500 ரூபாய். செக்‌ஷன் (சிறு படைக்குழு) அளவில் எல்எம்ஜியை, அதாவது இலகு இயந்திரத் துப்பாக்கியை, தற்காப்பிலும் தாக்குதலிலும் எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பாடம். நிஜ ஆயுதம் எதுவும் கிடையாது. மரத்தில் செதுக்கிய எல்எம்ஜி ஒன்றும் நிலத்தை மணலில் சிறிதாகச் செய்து காட்டும் ஒரு சான்ட் மாடலும்தான் மொத்தத் தளவாடம். சுட்டுப் பழக வேண்டுமென்றால் கேம்ப்பில் .22 ரைபிளோடு பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

தற்காப்புப் பாடத்துக்கு மட்டுமே கொடுத்த காசு தகும். தாக்குதல் பாடம் பாதியில் நிற்கிறது.

சான்ட் மாடலில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் இங்கே விசேஷம். எட்டடிக்கு ஆறடி மரச்சட்டத்துக்குள் பாலாற்று மணல், பச்சைக்கும் பாதைக்கும் கோலப்பொடி, பாறைக்குக் கருங்கல் ஜல்லி. முதல் வாரம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, "இதுதான் உன் எல்எம்ஜி, வை" என்கிறார். பத்தில் எட்டுப் பேர் மேட்டு உச்சியில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கிழக்கே மலைக்கோட்டைகளைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது இயல்புதான். ஆனால் உயரத்திலிருந்து கீழே சுட்டால் குண்டு விழும் இடத்தில் மட்டும்தான் ஆபத்து. இடையில் இருக்கும் நிலமெல்லாம் எதிரிக்குப் பத்திரம். தாழ்வான இடத்திலிருந்து சமதரையில் சுட்டால் குண்டு ஆளின் இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்பாமல் தரையோடு ஓடும், வழியில் யார் நின்றாலும் படும். ட்ரைபாடில் (முக்காலியில்) பொருத்திய எம்எம்ஜி, அதாவது நடுத்தர இயந்திரத் துப்பாக்கி, பாலாற்றுப் படுகை மாதிரியான சமதரையில் 600 மீட்டர் வரைக்கும் இப்படிச் சுடும்.

இதை அவர் காட்டும் விதம் அருமை. விளக்கை அணைத்து, சின்ன டார்ச் ஒன்றைத் தீப்பெட்டி இருந்த இடத்தில் மணலோடு மணலாகப் படுக்க வைக்கிறார். வெளிச்சம் விழும் இடம் துப்பாக்கிக்கு எட்டும் இடம். மேட்டுக்குப் பின்னால் நிழல் விழுந்தால் அது டெட் கிரவுண்ட். டார்ச்சை அரை சாண் நகர்த்தினால் ஒரு நிழல் மறைகிறது, வேறொரு நிழல் முளைக்கிறது. நிழலே விழாத இடம் கிடையாது என்பது அப்போதுதான் புரிகிறது. மிச்சமிருக்கும் நிழலை யார் பார்ப்பது, கிரனேடா, மார்ட்டரா, பக்கத்து செக்‌ஷனா என்ற கேள்வி தானாக வருகிறது.

அடுத்தது பென்சிலும் வேர்க்கடலையும். துப்பாக்கியிலிருந்து போகும் குண்டுகள் எல்லாம் ஒரே புள்ளியில் விழுவதில்லை. சமதரையில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஒரு பட்டையில் விழும். அந்த பீட்டன் ஸோன்தான் பென்சில். பத்துக் கடலையைப் பக்கவாட்டில் வரிசையாக வைத்து எதிரிலிருந்து பென்சிலை நீட்டினால் ஒரு கடலையில் படும், மிஞ்சினால் இரண்டு. அதே வரிசைக்குப் பக்கவாட்டிலிருந்து நீட்டினால் பத்திலும் படும். என்ஃபிலேடு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. பிறகு கடலைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் திருப்பி அடுக்குகிறார். இப்போது எதிரிலிருந்து சுடுவதே என்ஃபிலேடு. துப்பாக்கி நகரவில்லை, எதிரியின் அணி மாறியிருக்கிறது. பரீட்சையில் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

வேலூர்க் கோட்டை மதிலை அவர் ஏன் உதாரணத்துக்கு எடுப்பதில்லை என்று தெரியவில்லை. மதிலை விட்டு வெளியே துருத்தி நிற்கும் கொத்தளங்கள் எல்லாம், மதிலை ஒட்டி வருபவனைப் பக்கவாட்டில் அடிப்பதற்காகக் கட்டியவைதானே. எல்எம்ஜியை வைப்பதும் அதே கணக்கு: எதிரி வரும் திசைக்கு ஒரு மேடோ பாறையோ மறைப்பாக இருக்க வேண்டும், சுடுவது குறுக்கே, பக்கத்து செக்‌ஷனின் முன்பக்கத்துக்கு. அவர்களுடையது நம் முன்பக்கத்துக்கு. இரண்டு செக்‌ஷனும் ஒன்றை ஒன்று நம்பித்தான் இருக்க வேண்டும்.

ரேஞ்ச் கார்டு (எது எவ்வளவு தூரம் என்று குறித்த அட்டை), இரவுக்கான ஃபிக்ஸ்டு லைன் (இருட்டிலும் சுட முன்கூட்டியே குறித்து வைத்த திசை), இடமும் வலமும் சுடும் எல்லைக்கு அடிக்கும் முளைக்குச்சி, மாற்று பொசிஷன் எல்லாம் சுருக்கமாக, சரியாகவே வருகின்றன. வேவு பார்க்க வரும் நாலு பேரை ரைபிளே பார்த்துக்கொள்ளட்டும், எம்எம்ஜி வாயைத் திறந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறார். தூரம் கணிக்கும் பயிற்சி ஆற்றங்கரையில். வெறும் மணலுக்கு அப்பால் நிற்கும் பனைமரம் எப்போதும் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். 400 மீட்டரை 300 என்று சொல்லாதவர் குறைவு.

இனி குறை. தாக்குதல் பாடத்தில் "எல்எம்ஜி குரூப் பக்கவாட்டில் போய்ச் சுடும், ரைபிள் குரூப் பாயும்" என்பதோடு முடித்துவிடுகிறார். ஏன் பக்கவாட்டில்? பாய்கிறவர்களுக்கு நேர் பின்னால் இருந்தால் இரண்டாவது பாய்ச்சலிலேயே நம் ஆள் குறுக்கே வந்துவிடுவான், சுடுவதை நிறுத்த வேண்டும். 90 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருந்தால் கடைசிச் சில பத்து மீட்டர் வரை சுட்டுக்கொண்டே இருக்கலாம். இதைச் சொல்லவே இல்லை.

ரவுண்ட் (குண்டு) கணக்கும் இல்லை. 30 ரவுண்ட் மேகசின் 10 என்று வைத்தால் 300. நிமிடத்துக்கு 600 ரவுண்ட் துப்பும் துப்பாக்கியில் விரலை எடுக்காமல் அழுத்தினால் அரை நிமிடத்தில் காலி. மூன்று, நான்கு ரவுண்ட் பர்ஸ்ட்டாக நிமிடத்துக்கு 60 என்று விட்டால் ஐந்து நிமிடம். 200 மீட்டரை இருபது இருபது மீட்டராகப் பாய்ந்து கடக்க, எழுந்து விழுந்து மூச்சு வாங்குவதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட அந்த ஐந்து நிமிடம்தான். அதாவது மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. இந்தக் கணக்கைப் போடாதவன் ரைபிள் குரூப் பாதி வழியில் இருக்கும்போது மேகசினைத் தேடுவான். மேகசினை எண்ணுவது நம்பர் டூவின், அதாவது சுடுபவரின் உதவியாளின், வேலை. வகுப்பில் நம்பர் டூ சும்மா பக்கத்தில் படுத்திருக்கிறார்.

சுடுவதை எப்போது நகர்த்துவது என்பதும் தொங்கலில் நிற்கிறது. விசில் சத்தம் துப்பாக்கிச் சத்தத்தில் கேட்காது. "முதல் ஆள் அந்த வேப்பமரத்தைத் தொட்டதும் பின்பக்கப் பாறைக்கு மாற்று" என்று முன்கூட்டியே பேசி வைத்தால்தான் நடக்கும். இடத்தைப் பிடித்ததும் எல்எம்ஜி முதலில் மேலே வர வேண்டும், எதிர்த்தாக்குதல் வரப்போவது அப்போதுதான். அதுவும் இல்லை.

சுவரில் தொங்கும் படங்கள் பழைய பிரென் துப்பாக்கியோடு நிற்கின்றன. 2020 மார்ச்சில் இந்திய ராணுவத்துக்காக 16,479 நெகெவ் எல்எம்ஜிகளுக்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனதையாவது சொல்லலாம். அது ரவுண்டுகள் கோத்த பெல்ட்டில் ஓடுவது. நம்பர் டூவின் வேலையே மாறிப்போகிறது. பேரல் (துப்பாக்கிக் குழல்) மாற்றுவதும் பாடத்தில் இல்லை. மேக் (MAG) வகை எம்எம்ஜியில் நிமிடத்துக்கு 100 ரவுண்ட் என்றால் 10 நிமிடத்துக்கு ஒரு முறையும், 200 என்றால் 2 நிமிடத்துக்கு ஒரு முறையும் பேரலை மாற்றச் சொல்கிறது அமெரிக்கக் கையேடு. மாற்றாவிட்டால் துல்லியம் போகும், சூட்டில் ரவுண்ட் தானே வெடிக்கவும் செய்யும்.

கமாண்டுகளை இந்தியிலும் விளக்கத்தைத் தமிழிலும் சொல்வது பெரிய வசதி. 24 பேர் சேர்க்கிறார், அது அதிகம். பின்வரிசைக்கு டார்ச் நிழல் தெரிவதில்லை. ஆறே காலுக்கே போய் மாடலின் ஜன்னல் பக்கத்தில் இடம் பிடியுங்கள். தாக்குதல் பாடம் வரும் நாலாவது வாரத்தில் மேலே உள்ள மூன்று கேள்விகளையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்கிறார், அதுவும் நன்றாகவே சொல்கிறார்.