ஜார்ஜியா பள்ளியில் பாடப்பொருளைப் பார்க்கக் கேட்டேன்: ஒரு அம்மாவின் மதிப்பீடு

ஜார்ஜியாவில் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறது என்றால், வகுப்பில் நடத்தப்போகும் பாடப்பொருளை எடுத்துப் பார்க்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. ஆளுநர் பிரையன் கெம்ப் 2022 ஏப்ரல் 28 அன்று கையெழுத்திட்ட எச்.பி. 1178, அதாவது பெற்றோர் உரிமைச் சட்டம், இதை எழுத்தில் கொடுத்தது. கேட்பதற்கு வக்கீல் வேண்டாம், ஒரு மின்னஞ்சல் போதும். என்னிடம் யாரும் ஒரு காசும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் எங்கள் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் இதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. நான் பயன்படுத்தினேன். எப்படி இருந்தது என்று மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன். பள்ளியின் பெயரும் கவுண்டியின் பெயரும் வேண்டாம். அட்லாண்டாவுக்கு வடக்கே என்பது போதும்.

என் மகள் ஏழாம் வகுப்பு. ஜார்ஜியாவில் நம் பிள்ளைகளுக்கு இது முக்கியமான வருடம். மாநிலப் பாடத்திட்டப்படி சோஷியல் ஸ்டடீஸில் ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, அப்புறம் தெற்கு, கிழக்கு ஆசியா எல்லாம் இந்த வகுப்பில்தான் வருகின்றன. இந்திய விடுதலை, காந்தியின் அகிம்சை, இந்து மதத்தையும் பௌத்தத்தையும் இஸ்லாமையும் ஒப்பிடுவது, கங்கையும் யாங்சியும் எப்படி மாசுபட்டன என்பது, இவையெல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வகுப்பில் இந்திய முகம் ஒன்றோ இரண்டோ இருந்தால், பாடம் நடக்கும்போது மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது அந்த முகங்களைத்தான். 'உங்க வீட்டுல என்ன ஜாதி?' என்று மதிய உணவு மேசையில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கும்போது, பதில் சொல்ல அதன் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பாடம் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்று நான் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

கேட்கும் முறை எளிது. ஆனால் நேரம் முக்கியம். ஒவ்வொரு ஒன்பது வார மதிப்பெண் காலத்திலும் முதல் இரண்டு வாரங்கள்தான் பாடப்பொருளைப் பார்ப்பதற்கென்று சட்டம் ஒதுக்கியிருக்கும் காலம். தகவல் கேட்டு எழுதினால் மூன்று வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் என்ன இருக்கிறது, எப்போது தருவோம் என்று எழுத வேண்டும், அந்தக் கெடு 30 நாளைத் தாண்டக் கூடாது. மறுத்தால் ஸ்கூல் போர்டிடம் முறையிடலாம். எனக்குப் பதில் கெடுவுக்குள் வந்தது, மரியாதையாகவும் வந்தது. இந்த இடத்தில் குறை சொல்ல எதுவுமில்லை.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'எல்லாப் பாடத்தையும் காட்டுங்கள்' என்று கேட்ட எனக்குத் தெரிந்த ஒரு அப்பாவுக்கு மாநிலப் பாடத்திட்டத்தின் இணைப்பு ஒன்று மட்டும் வந்தது. அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. அதில் இருப்பது 'கங்கை மாசு' என்ற ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டுகிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். ஆகவே பாடப் பிரிவின் பெயர், ஆசிரியர் பெயர், ஸ்லைடுகள், ஒர்க்‌ஷீட், காணொளி, தேர்வுக்கான படிப்புக் குறிப்பு என்று பிரித்து எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

இனி குறைகள். இணையத்தில் பார்க்கும் வசதி சரியில்லை. பெற்றோருக்கான தளத்தில் நுழைந்தால் மதிப்பெண் தெரிகிறது, வருகைப் பதிவு தெரிகிறது, பாடநூல் மட்டும் திறக்கவில்லை. அதற்குப் பதிப்பகத்தின் தனி லாகின் வேண்டும், அது மாணவர் கணக்கில்தான் வேலை செய்கிறது. மகளின் மடிக்கணினியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். ராத்திரி ஷிப்டு போகும் பெற்றோருக்கும், ஆங்கிலத்தில் தயங்கும் பாட்டி தாத்தா மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கும் இது எப்படி உதவும்? ஆசிரியர் சொந்தமாகத் தயாரிக்கும் ஸ்லைடுகளோ அந்தத் தளத்தில் இல்லவே இல்லை. பிள்ளையின் மனத்தில் அதிகம் பதிவது அவைதான்.

நேரில் போனது நல்ல அனுபவம். முன் அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, பார்வையாளர் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போனால், நூலகத்தில் ஒரு மேசையில் நான் கேட்டதையெல்லாம் அச்செடுத்து, பிரிவு வாரியாகக் கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். அங்கிருந்த நூலகர் அம்மா, 'நிதானமாகப் பாருங்கள், ஏதாவது விளங்காவிட்டால் ஆசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்றார். யாரும் தலைக்கு மேல் நிற்கவில்லை.

அந்தக் கட்டில் ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலைப்பு இந்து மதம். கீழே ஒரு முக்கோணம், நான்கு அடுக்கு. உச்சியில் பிராமணர், அடியில் சூத்திரர், முக்கோணத்துக்கு வெளியே ஒரு கோடு போட்டு 'தீண்டத்தகாதோர்'. அடுத்த ஸ்லைடில் கங்கைக் கரையில் குப்பை. அதற்கடுத்தது தேர்வுக் கேள்வி. முக்கோணம் என்றைக்கு வரையப்பட்டது, இன்றைய இந்தியாவின் சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட மக்கள் என்ன செய்தார்கள், இதில் ஒன்றுகூட இல்லை.

சாதியைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அது உண்மை. இங்கே வந்த பிறகும் அதைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என் மகள் அதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். நான் கேட்டது சேர்ப்பதற்கு. இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று ஒரு வரி. அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்பேத்கர், அந்தக் கோட்டுக்கு வெளியே பிறந்தவர், 1913-இல் நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்று இன்னொரு வரி. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமாக இந்தப் பாடத்தைச் சொல்ல முடியுமா? இதை ஆசிரியருக்கு அரைப் பக்கத்தில் எழுதினேன். அம்பேத்கரைச் சேர்ப்பதாகப் பதில் எழுதினார், சேர்த்தார். முக்கோணம் அப்படியே இருக்கிறது, அது பொதுவாக எல்லோரும் பயன்படுத்தும் படம் என்றார். பாதி வெற்றிதான். ஆனாலும் அந்த வகுப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அம்பேத்கர் பெயரைக் கேட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இந்த உரிமை எதுவரை போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்கலாம், ஆட்சேபம் எழுதலாம். பாலியல் கல்வி வகுப்பிலிருந்து உங்கள் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். பிள்ளையைப் படமோ காணொளியோ எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், பாதுகாப்புக் கேமரா போன்றவற்றுக்கு அது பொருந்தாது. பாடத்தை மாற்று என்று உத்தரவிட முடியாது. டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார், அங்கே பெற்றோர் உரிமைக்கென்று கல்விச் சட்டத்தில் 1995-லிருந்தே தனி அத்தியாயம் இருக்கிறது என்பார். தங்கள் மத, ஒழுக்க நம்பிக்கைக்கு முரணான வகுப்பிலிருந்து பிள்ளையைத் தற்காலிகமாக விலக்க அங்கே வழி உண்டு, ஆனால் தேர்வைத் தவிர்க்கவோ ஒரு பாடத்தை செமஸ்டர் முழுக்கத் தவிர்க்கவோ முடியாது. 2025 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி வழக்கில் 6-3 என்று பெற்றோர் பக்கம் நின்றது. எல்.ஜி.பி.டி. (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) பாத்திரங்கள் வரும் கதைப் புத்தகங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும், மத நம்பிக்கை காரணமாக விலக விரும்பும் பிள்ளைகளை வழக்கு முடியும்வரை விலக விட வேண்டும் என்பது அதன் சாரம். முஸ்லிம், கிறித்தவப் பெற்றோர்கள் சேர்ந்து போட்ட வழக்கு அது.

என் பிள்ளையைப் பற்றி முடிவு எடுப்பது என் உரிமை. அடுத்த வீட்டுப் பிள்ளை எதைப் படிக்கக் கூடாது என்று நான் முடிவு செய்வதை இந்த உரிமைக்குள் சேர்க்க எனக்கு மனமில்லை. எச்.பி. 1178 கையெழுத்தான அதே நாளில், இனம் பற்றிய 'பிளவுபடுத்தும் கருத்துகளை' வகுப்பில் கட்டுப்படுத்தும் எச்.பி. 1084-உம் கையெழுத்தானது. 2023-இல் இங்கே ஜார்ஜியாவின் காப் கவுண்டியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாலின அடையாளம் பற்றிய ஒரு படப் புத்தகத்தை வாசித்துக் காட்டியதற்காக ஓர் ஆசிரியை வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஃபுளோரிடாவில் புத்தக ஆட்சேபங்கள் குவிந்து, அந்தப் பள்ளி மாவட்டத்தில் பிள்ளை படிக்காதவர்கள் மாதத்துக்கு ஒரு ஆட்சேபம்தான் கொடுக்கலாம் என்று 2024-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்குப் பெற்றோரிடமிருந்து 'பாடப்பொருளைப் பார்க்க வேண்டும்' என்று மின்னஞ்சல் வந்தால் வயிறு கலங்காதா? என் மகளின் ஆசிரியரும் முதல் பதிலில் பிரின்சிபாலையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார். 'பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பதற்காகக் கேட்கிறேன்' என்று நான் எழுதிய பிறகு பேச்சின் தொனி மாறியது. அந்த வரியை முதல் மின்னஞ்சலிலேயே போடுங்கள்.

'அக்கா, கேட்டா டீச்சர் தப்பா நினைச்சுப் பிள்ளை மேல காட்ட மாட்டாங்களா?' என்று எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒரு தங்கை கேட்டாள். என் மகளுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. தமிழ்ப் பள்ளி என்றதும் இன்னொன்று. பெற்றோர் உரிமை என்ற இந்தப் பேச்சே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு தாய்மொழி வழக்கில் வேர் கொண்டது. எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிக்கக் கூடாது என்று நெப்ராஸ்கா 1919-இல் சட்டம் போட்டது. பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதென்றது. சனிக்கிழமை காலையில் நாம் தைரியமாக 'அ, ஆ' எழுதச் சொல்வதற்குப் பின்னால் அந்தத் தீர்ப்பும் இருக்கிறது. ஆகவே இந்த உரிமை ஒரு கட்சிக்காரர்களுடையது, நமக்கெதற்கு என்று ஒதுங்குகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

பள்ளிகளை நடத்தும் எங்கள் பள்ளி மாவட்டம் செய்ய வேண்டியது இரண்டு. பெற்றோர் லாகினிலேயே பாடநூல் திறக்க வேண்டும். பாடப் பிரிவு தொடங்கும் முன் ஆசிரியரின் ஸ்லைடுகள் அங்கே ஏற வேண்டும். அப்படி ஏறினால் தனியாக மின்னஞ்சல் எழுதும் வேலையே பாதி குறையும், ஆசிரியருக்கும் பயம் குறையும். இரண்டு வாரக் காலம் எப்போது தொடங்குகிறது என்பதை வாராந்திரச் செய்திமடலில் ஒரு வரி போடலாம், இன்றுவரை போடவில்லை.

நேரில் பார்க்கும் வசதிக்கு 5-க்கு 4.5, இணையத்துக்கு 2. மொத்தத்தில் 3.5 கொடுக்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பெற்றோர் ஆசியப் பகுதி எந்தக் காலாண்டில் வருகிறது என்று ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்குப் பள்ளி வரிசை மாறலாம். படம் எடுக்க வேண்டாம் என்ற கடிதம் கொடுப்பதாக இருந்தால், பாடப்பொருள் பார்க்கப் போகும் அன்றைக்கே முன் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.