யூஎஸ்பி பிரிண்டர் டிரைவர்: விண்டோஸே போடட்டுமா, நாமே போடலாமா?

கீபோர்டு, மவுஸ், பென்டிரைவுக்கு இந்தக் கேள்வியே எழாது. அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. பிரிண்டரில்தான் குழப்பம்.

நேரம்: விண்டோஸே தன் அப்டேட் வழியாகப் போடுவதென்றால் கேபிளைச் செருகிக் காத்திருந்தால் போதும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து நாமே போடுவதென்றால் மாடல் எண்ணைத் தேடி, பெரிய இன்ஸ்டாலர் ஃபைலை இறக்க வேண்டும்.

வசதி: முதலாவதில் அச்சு வரும், மை அளவு காட்டுவது போன்றவை பல மாடல்களில் வராது. இரண்டாவதில் வரும்.

சிக்கல்: இரண்டாவதில் வரிசை முக்கியம். இன்ஸ்டாலர் கேட்கும் வரை கேபிளைச் செருகாதீர்கள். அவசரப்பட்டுச் செருகி, டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரின் கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸ் பகுதி) பிரிண்டர் பெயர் மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி வந்துவிட்டதா? சரி, அதை ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுங்கள். கேபிளைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, அப்புறம் இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். எங்கள் வீட்டுப் பழைய பிரிண்டர் இப்படித்தான் உயிர் பெற்றது.

அச்சு மட்டும் போதுமென்றால் விண்டோஸிடமே விடலாம். ஸ்கேனும் முழு வசதியும் வேண்டுமென்றால் தயாரிப்பாளர் டிரைவர்தான்.